வெண்டைக்காய் நின்றதும் காணாமல் போகிறவர்களுக்கு

மேற்கு மாசசூசெட்ஸில் எங்கள் காய்கறிப் பண்ணையில் முன்பணம் கட்டி, வாராவாரம் விளைந்ததை வாங்கிக்கொள்ளப் பங்கு எடுத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை, ஆகஸ்டில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை என்று பையை நிரப்பிக்கொண்டு போகிற பலர், செப்டம்பர் கடைசியில் டர்னிப்பும் கேல் கீரையும் தலைகாட்டியதும் வருவதில்லை. உங்கள் பெயர் எழுதிய பெட்டிகள் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கின்றன, வாட்ஸ்அப்பில் மட்டும் "இந்த வாரமும் இலைதானா?" என்ற புலம்பல் தவறாமல் வந்துவிடுகிறது. பண்ணையில் வேலை செய்து அதற்கு ஈடாகப் பங்கு வாங்கிக்கொள்கிறவன் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வெண்டை வெயில் ஊர்ச் செடி. இரவில் குளிர ஆரம்பித்தாலே காய்ப்பு நின்றுவிடும், அதற்கு விவசாயியைக் கோபித்து என்ன பயன்? அதே குளிர்தான் கேலையும் கேரட்டையும் இனிப்பாக்குகிறது, உறைந்து போகாமல் இருக்க அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கின்றன. முதல் உறைபனிக்குப் பிறகு பறித்த கேலில் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டு ஒரு கூட்டு வைத்துப் பாருங்கள், ஜூன் மாதக் கேலா இது என்று கேட்பீர்கள். டர்னிப்பை முள்ளங்கிக்குப் பதில் சாம்பாரில் போடலாம். கோல்ராபியைக் கையில் எடுத்து இது என்ன வினோதம் என்று ஒருவர் கேட்டார்; ஐயா, அது நம்ம ஊர் நூக்கல்! பட்டர்நட் பூசணியை மட்டும் உடனே வெட்டாதீர்கள், சில வாரம் மூலையில் கிடந்தால் இன்னும் தித்திக்கும், அப்புறம் புளிக்குழம்பு வையுங்கள்.

சரி, ருசியை விடுங்கள். நாம் கட்டியது காய்க்கு விலை இல்லை, அந்த வருட விளைச்சலில் ஒரு பங்கு. அமெரிக்காவில் இந்த ஏற்பாடு முதலில் வேர்விட்ட இடங்களில் ஒன்று இதே மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் இந்தியன் லைன் பண்ணை. அங்கே ராபின் வான் என் (Robyn Van En) என்ற விவசாயியும் அவருடைய கூட்டாளிகளும் 1985 இலையுதிர்காலத்தில் ஆப்பிளில்தான் பங்கு போட்டுப் பார்த்தார்கள், காய்கறி அடுத்த வருடம்தான். 2023 ஜூலையில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து எத்தனையோ வயல்கள் மூழ்கின. வெள்ளத்தண்ணீர் பட்ட காயை, பார்க்க நன்றாக இருந்தாலும், சாப்பிட விற்கக் கூடாது. அப்படி ஒரு வருடத்தில் முழு நஷ்டமும் விவசாயி ஒருத்தர் தலையில் விழக் கூடாது என்பதற்காகத்தான் நாம் முன்பணம் கட்டுகிறோம்.

அடுத்த வருடப் பணம் மார்ச்சில்தானே என்று நினைக்காதீர்கள். பண்ணைக்கு அடுத்த வருடம் இப்போதே தொடங்கிவிட்டது. தரை உறைவதற்குள் பூண்டை ஊன்றி வைக்கோல் போர்த்த வேண்டும், அது குளிர்காலம் முழுக்க மண்ணில் கிடந்து ஜூலையில்தான் கைக்கு வரும். அறுவடை முடிந்த பாத்திகளில் மண் அரித்துப் போகாமல் இருக்க ரை தானியம் விதைக்க வேண்டும். விதைப்பூண்டு, வைக்கோல், ஆள்கூலி எல்லாம் வருமானம் நிற்கப்போகிற இந்த நேரத்தில்தான் செலவு.

அதனால் இரண்டே விஷயம். அடுத்த வருடம் தொடர்வதாக இருந்தால் இப்போதே சொல்லி, முடிந்தவர்கள் பாதிப் பணமாவது கட்டுங்கள். ஒரு வாரம் வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், பெட்டியை இலவச உணவு மையத்துக்குக் கொடுத்துவிடுகிறோம். பூண்டு நடவு அக்டோபர் கடைசி சனிக்கிழமை, பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், பல் பிரித்துக் கொடுத்தாலே பெரிய உதவி.