பேராக் சிலிம் ரிவர் ஊர்ல பழைய எண்ணெய் (பெட்ரோல்) ஸ்டேஷன் நிலத்தைத் தோண்டிப் பாத்துட்டு பார்க் கட்டுங்க

மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும் கவுன்சிலருங்க எல்லாருக்கும் வணக்கம்.

போன தைப்பூச லீவுக்கு ஊருக்கு வந்தப்ப பழைய மெயின் ரோட்டோரம் எண்ணெய் ஸ்டேஷன் இருந்த எடத்துக்குப் போனேன். 1989-ல பள்ளிக்கூடத்துல பாரம் 5 முடிச்சதும் 8 வெள்ளி (ரிங்கிட்) நாள் சம்பளத்துக்கு அங்கதான் பம்ப் புடிச்சேன். இப்ப கூரை இல்ல, இடுப்பு ஒசரத்துக்கு லாலான் புல்லு வளந்து கெடக்கு. அப்பல்லாம் மழை வந்தா ரப்பர் பால் வெட்டிட்டு வர்ற அக்காமாருங்க பூரா அந்தக் கூரைக்குக் கீழதான் பஸ்ஸுக்கு நிப்பாங்க, எங்கப்பா மோட்டார்ல வந்து 2 வெள்ளிக்கு எண்ணெய் அடிப்பாரு, என்கிட்டயே காச எண்ணித்தான் குடுப்பாரு.

பக்கத்து ஒட்டுக்கடையில அண்ணன் சொன்னாரு, அங்க பிள்ளைங்களுக்கு பார்க் வரப்போகுதாம். நல்ல விஷயம்தான், ஆனா கேட்டதும் எனக்கு பயம் வந்திருச்சு.

ஏன்னா தெனமும் காலையில தரைக்குக் கீழ பொதைச்ச எண்ணெய் டேங்க்ல குச்சி விட்டு அளக்கறது என் வேலை. குச்சி அடியில ஒரு பசை தடவி விடணும், தண்ணி பட்டா அது செவப்பாயிடும், எண்ணெய் பட்டா மாறாது. ரோட்டுப் பக்கத்து டேங்க்ல மட்டும் மழைக்கு மறுநாளெல்லாம் ரெண்டு விரல் அளவுக்கு செவப்பு ஏறி நிக்கும். தவுக்கேகிட்ட, அதான் முதலாளிகிட்ட, காட்டுனேன், கம்பெனிக்கு சொல்லியாச்சு, நீ தண்ணிய எறைச்சு பின்னாடி காவாயில ஊத்துன்னாரு, நானும் ஊத்துனேன், அது இன்னிக்கும் மனச உறுத்துது. தண்ணி உள்ள வருதுன்னா டேங்க்லயோ மூடியிலயோ எங்கயோ ஓட்டை இருக்கலாம், டேங்க்ல ஓட்டைன்னா அதே வழியா எண்ணெய் வெளிய மண்ணுக்குள்ள போயிருக்கும். அப்ப வித்ததுல ஈயம் கலந்த பெட்ரோலும் உண்டு. ஈயம் மண்ணுல வருஷக்கணக்கா தங்கும், சின்னப் பிள்ளைங்க மூளைய பாதிக்கும், பெட்ரோல்ல இருக்கற பென்சீன் ரத்தப் புற்றுநோய கொண்டுவரும். பிள்ளைங்க மண்ணுலதான வெளையாடும், கைய வாயில வைக்கும்?

1994-ல வடக்கு தெற்கு ஹைவே முழுசா தொறந்தப்பறம் கோலாலம்பூர் ஈப்போ லோரி, எக்ஸ்பிரஸ் பஸ் எல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு, கொஞ்ச வருஷத்துல ஸ்டேஷனையும் மூடிட்டாங்க. டேங்க்க தூக்கிட்டாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். ஆனா தூக்கணும்னா சிமெண்ட் தரைய ஒடைக்கணுமே, தரை அப்படியே இருக்கு. கால்ல புல்ல வெலக்கிப் பாத்தேன், வட்டமா இரும்பு மூடி, துரு ஏறி, மூணு டேங்க் மூடியும் போட்ட எடத்துலயே இருக்கு. காலி டேங்க்னாலும் உள்ள ஆவி நின்னா ஒரு தீப்பொறி போதும்.

அதனால ஊஞ்சலும் சறுக்கும் போடறதுக்கு முன்னாடி, சுற்றுச்சூழல் இலாகாவ கூப்பிட்டு மண்ணையும் நிலத்தடி தண்ணியையும் சோதிக்க வைங்க. டேங்க்க வெளிய எடுங்க, அடியில சேறு இருந்தா லைசென்ஸ் உள்ளவங்கள வச்சு அள்ளுங்க, 2005-ல வந்த சுற்றுச்சூழல் கழிவு விதிமுறைப்படி எண்ணெய்ச் சேறு சும்மா கொட்டக்கூடாத கழிவு. சோதனை முடிவ நோட்டீஸ் போர்டுல தமிழ்லயும் ஒட்டுங்க, சுத்தி தோட்டத்து ஜனங்கதான் இருக்காங்க.

நான் இப்ப கிள்ளான்ல இருக்கேன். எந்த சனிக்கிழமை கூப்பிட்டாலும் வந்து எடத்த காட்டறேன். ரோட்டுப் பக்கத்து மூடியில இருந்து ஆரம்பிங்க.