‘ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்பதை எழுதிக் கொடுங்கள்: மாவட்டப் பல் சுகாதார அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே, செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். எண்ணெய் ஆலையில் பழ லாரிகளை எடைபோடும் வேலை எனக்கு. யாரையும் மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்றும் சொல்லப்போவதில்லை. அதிகச் செலவில்லாத ஒரு காரியம் உங்கள் அலுவலகத்தால் ஆக வேண்டியிருக்கிறது. பால்பல்லில் அடிபட்டு வரும் குழந்தையைப் பார்த்து அனுப்பும்போது, பெற்றோர் கையில் ஒரு தாள் கொடுங்கள். ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ். அவ்வளவுதான்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

என் மகளுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. நடை முழுசாகப் பழகும் முன்னே ஓடத் தொடங்கிவிட்டவள். ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரம், வீட்டு முன்னால் இருக்கும் லோங்காங்கின் (சாக்கடைக் கால்வாயின்) சிமெண்ட் விளிம்பில் முகம் அடிபட விழுந்தாள். தூக்கினால் வாயெல்லாம் இரத்தம். மேல்வரிசை முன்பற்கள் இரண்டில் ஒன்றைக் காணோம். என் அம்மா டார்ச் லைட்டோடு மண்ணில் பல்லைத் தேடினார். பக்கத்து வீட்டு அக்கா, “பல் கிடைச்சா பால்ல போட்டு எடுத்துட்டுப் போ தம்பி, டாக்டர் திரும்ப வச்சிடுவாரு” என்றார். இன்னொரு வீட்டுப் பாட்டி காப்பித்தூள் டப்பாவோடு வந்துவிட்டார். எல்லாரும் நல்ல மனதோடு சொன்னவைதான். ஆனால் எதைச் செய்வது, எதைச் செய்யக்கூடாது என்று அங்கே உறுதியாகச் சொல்ல ஒருவரும் இல்லை. தோட்டத்தில் டிரசர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் அவர் வீட்டுக் கதவையாவது தட்டியிருப்போம்.

சனிக்கிழமை என்பதால் பல் கிளினிக் இல்லை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடினோம். பிள்ளை மயங்கினாளா, வாந்தி எடுத்தாளா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறாளா என்று கேட்டார்கள். சரியான கேள்விகள். தலையில் அடி இருந்தால் பல்லை அப்புறம்தான் பார்க்க வேண்டும். காயத்தில் மண் பட்டிருந்ததால் தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள். 18 மாத ஊசி வரை போட்டிருந்தது. அதில் டெட்டனஸ் என்ற இழுப்பு நோய்க்கான தடுப்பும் அடக்கம். வாயைக் கழுவிவிட்டு, “பால்பல்தானே, எப்படியும் விழுந்து முளைக்கும். திங்கட்கிழமை பல் கிளினிக்கில் காட்டுங்கள்” என்று அனுப்பினார்கள்.

பல் எங்கே போனது என்ற பேச்சே எழவில்லை. காணாமல் போன பல் மண்ணில் விழுந்திருக்கலாம், பிள்ளை விழுங்கியிருக்கலாம், மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். மூன்றாவதுதான் ஆபத்து, இருமல், மூச்சு இழுப்பு இருந்தால் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியது. நான்காவதாக ஒன்றும் உண்டு. பல் எங்கேயும் போகாமல் ஈறுக்குள்ளேயே முழுசாகப் புதைந்திருக்கலாம். என் மகளுக்கு நடந்தது அது. திங்கட்கிழமை பல் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

அந்தக் கிளினிக்கில் இருந்த இளம் டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். பெரிய நாற்காலியில் பிள்ளையைக் கட்டிப்பிடித்துப் போராடவில்லை. தன் முழங்கால் என் மனைவியின் முழங்காலில் முட்டும்படி எதிரெதிரே உட்கார்ந்தார். குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்து, தலையை மட்டும் டாக்டரின் மடியில் சாய்த்துக்கொண்டது. தாயின் முகத்தைப் பார்த்தபடியே கிடந்தாள். அழுதாள்தான், ஆனால் ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டார். இப்படி ஒரு முறை இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகு அவர் சொன்னது: “தானாக இறங்கி வரும். பொறுத்துப் பார்ப்போம்.” அடுத்த தேதி எழுதிக் கொடுத்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

என் மடலின் விஷயமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி: “மருந்து என்ன கொடுத்தாங்க?” மருந்து இல்லை. “பல்லைப் பிடுங்கலையா?” இல்லை. “உள்ளே போன பல்லை இழுத்து விடலையா?” அதுவும் இல்லை. “அரசாங்க கிளினிக்னா அப்படித்தான், ஒரு வெள்ளிக் கட்டணத்துக்கு என்ன பார்ப்பாங்க? ஈப்போ நகரத்துக்குக் கூட்டிப் போங்க.” வந்து போன எல்லாரும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. எதுவும் செய்யத் தேவையில்லை என்பதால் செய்யவில்லையா, அக்கறை இல்லாததால் செய்யவில்லையா? வீட்டில் உட்கார்ந்திருக்கும் தகப்பனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிறகு தேடிப் படித்தேன். அனைத்துலகப் பல் காயவியல் சங்கம் 2020-இல் பால்பற்களுக்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. ஈறுக்குள் புதைந்த பால்பல்லை, அது எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும், தானாக இறங்கி வர விடச் சொல்கிறது. பெரும்பாலும் 6 மாதத்துக்குள் இறங்கிவிடும், சில வேளை ஓர் ஆண்டு வரை ஆகும் என்கிறது. இந்த மாதிரி அடிக்கு ஆன்டிபயோடிக் கொடுப்பதால் பலன் என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொல்கிறது. ஒரு வாரம், 6 முதல் 8 வாரம், 6 மாதம், ஓர் ஆண்டு என்று திரும்பப் பார்க்கும் தவணைகளையும் கொடுத்திருக்கிறது. அந்த இளம் டாக்டர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. அதைத் தெரிந்துகொள்ள ஒரு தகப்பன் கைப்பேசியில் இரவு முழுக்க ஆங்கிலக் கட்டுரைகளை உருட்ட வேண்டியிருந்தது என்பதுதான் எனக்குக் கசக்கிறது.

காரணத்தையும் அங்கேதான் புரிந்துகொண்டேன். பால்பல்லின் வேருக்குப் பின்னாலேயே நிரந்தரப் பல்லின் மொட்டு உருவாகிக்கொண்டிருக்கிறது. இழுப்பதும் குத்துவதும் அந்த மொட்டைக் கெடுத்துவிடலாம். எக்ஸ்ரேயில் புதைந்த பல் பக்கத்துப் பல்லைவிடக் குட்டையாகத் தெரிந்தால் வேர்நுனி முன்பக்கம், உதட்டை நோக்கிப் போயிருக்கிறது. நீளமாகத் தெரிந்தால் மொட்டின் பக்கம் போயிருக்கிறது. எவ்வளவு எளிய விளக்கம்! படத்தைக் காட்டி இதை மூன்று வாக்கியத்தில் சொல்லியிருந்தால் என் அம்மாவுக்கே புரிந்திருக்கும். ஈப்போ பேச்சு அன்றே முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பால் விஷயமும் இப்படித்தான். அவர் சொன்னது தப்பில்லை, ஆனால் அது நிரந்தரப் பல்லுக்கு. ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் நிரந்தர முன்பல் முழுசாகக் கழன்று விழுந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வேரைத் தொடாமல், மேல்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கு இருந்தால் லேசாக அலசி, அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்திவிட வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பால்பல்லை அப்படித் திரும்ப வைக்கவே கூடாது, மொட்டுக்குக் கேடு. இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பதற்றத்தில் படிப்பவன் எது தன் பிள்ளைக்கு என்று பிரித்துப் பார்ப்பானா? தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு முதல் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், குழந்தைப் பராமரிப்பாளருக்கு இரண்டாவது.

சரி, தாளில் என்ன எழுதலாம்? இரத்தம் வந்தால் சுத்தமான ஈரத்துணியை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சிறு சதை கிழிந்தால் கொஞ்சக் காயத்துக்கே நிறைய இரத்தம் வரும் என்றும் ஒரு வரி போடுங்கள். அது தெரியாமல் நாங்கள் நடுங்கிவிட்டோம். காப்பித்தூள், மஞ்சள், கிராம்புத் தைலம் எதுவும் வாயில் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பாட்டிகள் நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள், அரசாங்க முத்திரை இருந்தால் கேட்பார்கள். வலிக்கு எடைக்கேற்ற அளவு பாரசிட்டமோல், ஆஸ்பிரின் கூடாது. சில நாள் குழைந்த சோறு, கஞ்சி, ஊறவைத்த இட்லி. பல் துலக்குவதை நிறுத்திவிடக்கூடாது. இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் எல்லா வீட்டிலும் பயந்து முதலில் நிறுத்துவது அதைத்தான். மென்மையான பிரஷ்ஷால் துலக்கி, டாக்டர் சொன்னால் சாராயம் கலக்காத குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைப் பஞ்சில் தொட்டு ஒரு வாரம் தடவலாம்.

அதற்கு மேல், வரும் மாதங்களில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும், எதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று எழுதுங்கள். அடிபட்ட பல் சில வாரங்களில் சாம்பல் நிறமாகலாம். நிறம் மாறியதற்காக மட்டும் அதைப் பிடுங்கவோ வேருக்குள் சிகிச்சை செய்யவோ வேண்டியதில்லை. சில பற்கள் திரும்ப வெளுப்பதும் உண்டு. ஆனால் ஈறில் கொப்புளம் மாதிரி சீழ் கட்டினாலோ, முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பல்லின் ஆட்டம் கூடிக்கொண்டே போனாலோ தவணைக்குக் காத்திராமல் வந்துவிட வேண்டும். பல் வெளுப்பாக இருக்கிறதா என்று தினமும் உதட்டைத் தூக்கிப் பார்க்கும் என் மனைவிக்கு இந்த வேறுபாடு தெரிந்த பிறகுதான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

கெட்ட செய்தியையும் மறைக்காதீர்கள். பல் உள்ளே புதையும் அடி, பின்னால் வரும் நிரந்தரப் பல்லைப் பாதிக்க அதிக வாய்ப்புள்ள அடி. வெள்ளைத் திட்டோ, பழுப்புத் திட்டோ, எனாமலில் பள்ளமோ வரலாம். ஏழெட்டு வயதில் அந்தப் பல் முளைக்கும்போதுதான் தெரியும். சொல்லாவிட்டால் நாங்கள் பயப்பட மாட்டோம் என்று நினைக்க வேண்டாம். சொல்லாவிட்டால் இன்னும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்வோம்.

இன்னொரு விஷயம். “எப்படி விழுந்தாள்? அப்போது கூட யார் இருந்தார்கள்?” என்று அவசரப் பிரிவிலும் கேட்டார்கள், கிளினிக்கிலும் கேட்டார்கள். என் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. பேத்தியைத் தள்ளிவிட்டதாகச் சந்தேகப்படுகிறார்களோ என்று வீடு வந்தும் புலம்பினார். இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அடி வாங்கும் குழந்தைகளும் இந்த நாட்டில் இருக்கிறார்கள், முகத்திலும் வாயிலும் பட்ட காயத்தை வைத்துத்தான் பல வேளை அது வெளியே வரும். கேட்கத்தான் வேண்டும். ஆனால், “எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கேட்பது எங்கள் வழக்கம்” என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் பாட்டிகள் அழமாட்டார்கள்.

தாள் உங்கள் கவுண்டரில் மட்டும் இருந்தால் பாதி வேலைதான். அடிபடுவது உங்கள் வேலை நேரத்தில் இல்லை. அவசரப் பிரிவில் ஒரு கட்டு இருக்கட்டும், திங்கட்கிழமை வரை என்ன செய்வது என்பதோடு. தோட்டத்து ஆயாக் கொட்டகைச் சுவரில் ஒன்று வேண்டும். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446) குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் பேசுகிறது. நிர்வாகத்துக்கு நீங்கள் ஒரு கடிதம் போட்டால் மறுக்க மாட்டார்கள். பட்டணத்துத் தாஸ்காக்கள் (குழந்தைக் காப்பகங்கள்) 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிய வேண்டியவை, பதிந்தவற்றின் முகவரிகள் அங்கே இருக்கும். ஆனால் இங்கே பல தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுவது தாஸ்காவில் இல்லை, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கும் ஒரு அத்தையிடம்தான். நான்கு பிள்ளைக்குக் குறைவாகப் பார்க்கும் அந்த அத்தை அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அவருக்கு தாள் போய்ச் சேர வேண்டுமென்றால் கோவில் அறிவிப்புப் பலகையும் தோட்டத்து மளிகைக் கடையும்தான் வழி. அங்கே ஒட்டும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

தமிழில் எழுத ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். மேலே சொன்னவற்றைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் உதவியோடு ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தவணைக்கு மகளைக் கூட்டி வரும்போது கொண்டு வருகிறேன். உங்கள் டாக்டர்களில் ஒருவர் தப்புத் திருத்தி, மலாய்ப் பக்கத்தை எழுதி, கீழே முத்திரை வைத்துத் தந்தால் போதும். அச்சடிக்கும் செலவை ஆலைத் தொழிலாளர்கள் நாங்கள் சிலர் பகிர்ந்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்