நடிகர் முகம் இருந்தால்தான் சினிமாவின் தாக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓவிய விமர்சனங்களில் 'சினிமாவின் தாக்கம்' என்று வந்தாலே கேன்வாஸில் எந்த நடிகர் முகம் இருக்கிறது என்று தேடுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் என்றால் இளமையில் சினிமா பேனர் வரைந்தார், பிற்காலத்தில் மாதுரி தீட்சித்தை வரைந்தார், அவ்வளவுதான்.

முகம் அதில் சின்னப் பங்குதான் ஐயா. இருபதாம் நூற்றாண்டு ஓவியர் பிரான்சிஸ் பேக்கனைப் பாருங்கள். சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் 'பேட்டில்ஷிப் பொட்டெம்கின்' படத்தில், படிக்கட்டில் கண்ணாடி உடைந்து, கண்ணில் ரத்தம் வழிய, வாய் பிளந்து அலறும் அந்தப் பெண் சில நொடிதான் திரையில் இருப்பாள். பேக்கன் அந்த வாயைப் பல வருடம் விடவில்லை. 1953-ல் வரைந்த போப் ஓவியத்தில் உடையும் நாற்காலியும் பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் போப் ஓவியத்திலிருந்து வந்தவை, அலறல் சினிமாவிலிருந்து வந்தது.

அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை தன்னையே விதவிதமான வேஷங்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் எந்தப் படத்தின் ஸ்டில்லும் கிடையாது, ஆனாலும் எப்போதோ பார்த்த படம் மாதிரியே இருக்கும். கேமரா கோணமும், ஃபிரேமுக்கு வெளியே யாரோ நிற்பது போன்ற அந்தப் பார்வையும்தான் காரணம்.

அப்புறம் ஸ்காட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் கோர்டன். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' திகில் படத்தை 1993-ல் அப்படியே எடுத்துக்கொண்டு, 24 மணி நேரம் ஓடும்படி மெதுவாக்கினார், நொடிக்குச் சுமார் இரண்டு ஃபிரேம், ஒலியும் இல்லை. குளியலறைக் கொலைக் காட்சியில் கத்தியோடு ஓங்கிய கை இறங்கவே அத்தனை நேரம் ஆகும்போது பயம் போய்விடுகிறது. ஈரச் சுவரையும் திரைச்சீலை மடிப்பையும் ஓவியம் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் வரும் வீட்டுக்கே அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1925-ல் வரைந்த ரயில்பாதையோர வீடுதான் முன்மாதிரி என்பார்கள். ஓவியத்திலிருந்து படத்துக்குப் போனது, படத்திலிருந்து மறுபடி கலைக்கூடத்துக்கு வந்திருக்கிறது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, ஓடுகிற வீடியோ படைப்பைப் பற்றிக்கூட ஒரே ஒரு ஸ்டில்லைப் போட்டு நாலு வரி எழுதினால் எப்படி? எவ்வளவு நேரம் ஓடுகிறது, எங்கே வெட்டியிருக்கிறார்கள், ஒலி உண்டா, உட்கார்ந்து பார்க்க இடம் இருக்கிறதா என்பதையாவது உங்கள் விமர்சகர்கள் இனிமேல் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்