முருங்கை விதை மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் சிறு சாயப் பட்டறைகளில், கழிவுநீருக்குப் படிகாரத்தை விட்டுவிட்டு முருங்கை விதை போட்டாலே போதும் என்ற பேச்சு அடிபடுகிறது. பாதிதான் சரி.

முற்றிக் காய்ந்த விதையின் தோலை நீக்கி, பருப்பில் எண்ணெய் பிழிந்த பிறகு கிடைக்கும் தூள்தான் வேண்டும். 100 மில்லி உப்புக் கரைசலில் 5 கிராம் போட்டு அரை மணி நேரம் கலக்கி, துணியில் வடிகட்டி அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், வைத்திருந்தால் நாறும். இதன் நேர்மின் புரதம் எதிர்மின் சாயத்தைப் பிடித்துத் திரளாக்கும். அளவை முதலில் பீக்கர்களில் சோதியுங்கள். கூடிப்போனால் விதைச்சத்தே சிஓடியை (நீரிலுள்ள மாசை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) ஏற்றிவிடும்.

சிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு இறங்காவிட்டால் ஃபென்டன் முறை, அதாவது இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தைச் சிதைக்கும் முறை. தெளிந்த நீரை பிஹெச் 3-க்குக் கொண்டுவந்து, முதலில் ஃபெரஸ் சல்பேட், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு, அதுவும் சிறிது சிறிதாக. எடையில் இரும்பைப்போல 10 மடங்கு பெராக்சைடில் தொடங்கலாம். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கும், மருந்தும் வீண். ஒரு மணி நேரம் கழித்துச் சுண்ணாம்பால் பிஹெச் 8 ஆக்கினால் இரும்பு படிந்துவிடும். மிஞ்சிய பெராக்சைடு சிஓடி சோதனையில் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்னும் ஊற்றுபவர்கள் உண்டு!

சாயநீரில் கரைந்த உப்பு இந்த இரண்டு முறையிலும் போகாது, அதற்கு ஆர்ஓ வேண்டும். படிந்த சேறு அபாயக் கழிவு. மழைநீர் வடிகாலில் தள்ளினால் பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். சிறு பட்டறைகளின் சேற்றை வாரம் ஒருமுறை சேகரித்து கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொது வண்டி விட வேண்டும்.

– வாசகர், தண்டையார்பேட்டை