கை பேசினால் எழுத்து கெடாது: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் (பி.டி.ஏ.) கூட்டம் கலைந்த பிறகு நாலைந்து பேர் மட்டும் வராந்தாவில் நின்றீர்கள். "டீச்சர், நாலாங்கிளாஸ்ல எல்லாப் புள்ளைகளும் கையைக் காட்டிக் காட்டிப் பேசுதுக. வீட்டுக்கு வந்தும் அதே வேலைதான். இப்படியே போனா எழுத்துப் படிப்புல பின்னாடி போயிருமுங்க" என்றீர்கள். வேலந்தாவளம் பஸ் வருகிற நேரமாகிவிட்டதால் அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகள் கை காட்டிப் பேசுவது அந்த வகுப்பில் இருக்கும் காது கேளாத ஒரு பிள்ளையோடு பேசத்தான். இந்த ஜூனில்தான் அவள், கேரள எல்லையோரம் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் நம் பள்ளிக்கு வந்தாள். பேர் எழுதவில்லை. அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"காதுல மெஷின் வெச்சிருக்காளே, அப்புறம் என்ன?" என்று பலர் கேட்கிறீர்கள். கண்ணாடி போட்டால் எழுத்துத் தெளிவாவதுபோல, மெஷின் வைத்தால் பேச்சுத் தெளிவாவதில்லை. அது எல்லாச் சத்தத்தையும் சேர்த்து ஏற்றுகிறது. டீச்சர் குரல், பெஞ்சு இழுபடும் சத்தம், பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு எல்லாம் ஒன்றாக வந்து விழுகின்றன. மழை பிடித்து நம் தகரக் கூரையில் கொட்டும்போது அவள் மெஷினைக் கழற்றிப் பென்சில் டப்பாவில் வைத்துவிடுவாள். அது அடமில்லை. அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியாது.

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கட்டும்" என்றும் சொல்கிறார்கள். ஒருநாள் சொல்வதெழுதுதலில் டீச்சர் "பாட்டு" என்றார். அவள் "மாட்டு" என்று எழுதினாள். "படம்" என்றதற்கு "மடம்". கண்ணாடி முன்னால் நின்று, குரல் இல்லாமல் பாடு, மாடு என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ல, ள, ழ மூன்றும் வாய்க்குள்ளே நாக்கு செய்கிற வேலை, க தொண்டைப் பக்கம் பிறப்பது. இவற்றை வெளியிலிருந்து யாரால் பார்க்க முடியும்? அந்தத் தாளில் அவளுக்கு விழுந்த சுழிகளை நான்தான் பிறகு அடித்துவிட்டேன். அவளுக்கு எழுத்து நன்றாகவே தெரியும். அவள் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாம் பரீட்சையாக வைத்திருந்தோம்.

இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், காது கேளாத பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவன் சைகை காட்டினால் கையைக் கட்டி உட்காரச் சொல்வேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். போர்டில் இருப்பதை முத்து முத்தாக எழுதுவான். அந்த நோட்டை எல்லாருக்கும் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். வருஷக் கடைசியில் ஒருநாள், அவன் எழுதிவைத்திருந்த "நாய்" என்ற சொல்லைத் தொட்டு, படங்களில் எது என்று காட்டச் சொன்னேன். மரத்தைத் தொட்டான். ஒரு வருஷம் முழுக்க அவன் கோடு வரைந்துகொண்டிருந்திருக்கிறான், நான் அதைப் படிப்பு என்று நம்பியிருக்கிறேன். அவன் முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கையைக் கட்டிப்போடும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழியாகவே பாடம் நடக்க வேண்டும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அது நாடு நாடாகப் பரவியது. 1960இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆய்வாளர், அங்கே காது கேளாதவர்கள் பேசும் சைகைக்குச் சொற்கட்டும் ஒழுங்கும் உண்டு, அதுவும் ஒரு மொழிதான் என்று எடுத்துக்காட்டினார். மிலான் தீர்மானங்களைத் தள்ளிவிட்டு வருத்தம் தெரிவிக்க, 2010இல் கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 130 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் என் மாணவனைப்போல வெறுமனே கோடு வரைந்து போயிருப்பார்கள்!

நம் நாட்டில் இந்தியச் சைகை மொழிக்கென்று 2015இல் டெல்லியில் ஓர் ஆய்வு, பயிற்சி மையம் தொடங்கினார்கள். 2021இல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. காட்சியாகவே இருக்கிறது, போனில் பார்க்கலாம். 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை அமர்த்தச் சொல்கிறது. வட்டார வள மையத்திலிருந்து (பி.ஆர்.சி.) இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் ரிசோர்ஸ் டீச்சர் நம் பள்ளிக்கு வருவது தானமில்லை, பிள்ளையின் உரிமை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சைகையால் எழுத்து எப்படி வரும்?

பாட்டி ஒரு சிறுமிக்கு மாங்காய் தருகிற படத்தின் கீழே காது கேளாத நம் பிள்ளை எழுதியிருந்தாள்: "பாட்டி நான் மாங்காய் கொடு." ரிசோர்ஸ் டீச்சர் சிவப்பு மை எடுக்கவில்லை. பாட்டி நிற்கிற இடமாக ஒரு பக்கத்தைக் காட்டி, அங்கிருந்து தன் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுவந்தார். பாட்டி எனக்குக் கொடுத்தாள். பிறகு நெஞ்சிலிருந்து அந்தப் பக்கம் கையை நீட்டினார். நான் பாட்டிக்குக் கொடுத்தேன். சைகையில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைக் கை போகும் திசையே சொல்லிவிடுகிறது. தமிழில் அந்த வேலையைச் செய்வது "க்கு". போர்டில் "எனக்கு" என்று எழுதி, "க்கு" மட்டும் பச்சைச் சாக்பீஸில். அவள் மூன்று தடவை கையை நெஞ்சுக்கு இழுத்துப் பார்த்தாள். பிறகு "நான்" என்பதை அடித்துவிட்டு "எனக்கு" என்று எழுதினாள். நாங்கள் யாரும் சொல்லாமலே "கொடு" என்பதையும் அடித்துவிட்டு டீச்சர் முகத்தைப் பார்த்தாள், அங்கே என்ன எழுதுவது என்று கேட்கிற மாதிரி.

பக்கத்தில் உட்காருகிற பையன் செங்கல் சூளைக் குடும்பத்துப் பிள்ளை, வீட்டில் வங்காளம். அவனுக்கும் "நான்", "எனக்கு" குழப்பம் ஓணம் வரை தீரவில்லை. அந்தப் பச்சைச் சாக்பீஸ் நாளில் அவனும் கையை இழுத்துப் பார்த்தான், அவன் நோட்டிலும் "எனக்கு" வந்தது. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசிக்கொண்டு நம்மிடம் தமிழ் எழுத வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். யாராக இருந்தாலும் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத எழுத்துக்குப் போக முடியும். சைகையில் செயப்படுபொருள் முன்னால், வினை பின்னால், நம் தமிழ் மாதிரியேதான். "உன் பேர் என்ன" என்பதில்போலக் கேள்விச்சொல்லும் கடைசியில்தான் வருகிறது.

காது கேளாத அந்தப் பிள்ளையின் பாட்டி என்னிடம், "கை ஆட்டப் பழக்கினா வாயே தொறக்க மாட்டா சாமி" என்று கண் கலங்கினார். கை பேசுவதால் வாய் அடைத்துப்போகாது, அம்மா. பேச்சுப் பயிற்சியும் நடக்கும். ஆனால் பேச்சு வரும்வரை பிள்ளை மொழியில்லாமல் காத்திருக்கக் கூடாது. பசிக்கிறது, வலிக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாத வயசு நீள நீள, பின்னால் எழுத்து ஏறுவதும் கஷ்டமாகிறது.

மொழியை இளக்காரமாகப் பார்ப்பது எப்படி வலிக்கும் என்று இந்தத் தாலுகாக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோயம்புத்தூர்க் கல்யாணத்துக்குப் போனால் "உங்க தமிழ்ல மலையாள வாடை அடிக்குது" என்பார்கள். இந்தப் பக்கம் வந்தால், தமிழ் பேசுகிறவர்கள் என்று இளக்காரமாக "பாண்டி" என்பார்கள். கேரளம் பிறந்த அதே 1956இல்தான், சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு ஆரம்பப் படிப்பு தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்று அரசியலமைப்பில் 350ஏ பிரிவும் வந்தது. அந்த நியாயத்தைச் சொல்லித்தான் இங்கே தமிழ்ப் பிரிவு கேட்கிறோம். கண்ணால் மட்டுமே மொழி வாங்க முடிகிற பிள்ளைக்கு அதே நியாயம் இல்லை என்று எந்த வாயால் சொல்வோம்?

பள்ளி பஸ்ஸில் சில பிள்ளைகள் அவளை "பொட்டி" என்று கூப்பிட்டது என் காதுக்கு வந்தது. மலையாளத்தில் பொட்டன் என்றால் காது கேளாதவன், முட்டாள் இரண்டும்தான். தமிழில் நாம் சொல்கிற "ஊமை" மட்டும் என்ன உயர்த்தி? இந்தச் சொற்கள் பிள்ளைகளுக்கு வானத்திலிருந்து வரவில்லை, வீட்டுத் திண்ணையில் கேட்டவைதான். தயவுசெய்து நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. உங்கள் பிள்ளை கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தத்தை ஏற்றுகிறது, காதில் சீழ் வடிகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். கைக்குழந்தை இருக்கிற வீடுகள் காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். காதுக்குள் அறுவை செய்து வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த இந்த மாநிலத்தில் ஸ்ருதிதரங்கம் என்ற திட்டம் இருக்கிறது, அது சின்ன வயசுப் பிள்ளைகளுக்குத்தான்.

வருகிற சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு நாலாம் வகுப்பறையில் பெரியவர்களுக்குச் சைகை வகுப்பு தொடங்குகிறோம். சொல்லித் தரப்போகிறவர் கொழிஞ்சாம்பாறையில் தையற்கடை வைத்திருக்கும் இளைஞர், அவருக்கும் காது கேட்காது. ரிசோர்ஸ் டீச்சர் கூட இருந்து விளக்குவார். நோட்டு, பேனா வேண்டாம். முதல் நாள் பாடம் சாப்பிட்டாயா, தண்ணி வேணுமா, வலிக்கிறதா, வா, உட்கார், உன் பேர் என்ன என்பவை. வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வாருங்கள். அவள் பாட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அன்புடன்,
தலைமையாசிரியை