இடுப்பு முறிந்த முதியவர்களைப் படுக்கவைக்கச் சொன்ன சுகாதாரப் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் சுகாதாரப் பக்கத்தில் வெளியான முதியோர் பராமரிப்புக் கட்டுரையின் நடுவில், "75 வயதைத் தாண்டியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், சத்திரசிகிச்சை என்னும் வீண் ஆபத்துக்கு அவர்களை உட்படுத்தாமல் படுக்கையில் வைத்து அன்போடு பராமரிப்பதே உத்தமம்" என்றொரு வசனம் இருந்தது. எழுதியவர் வைத்தியரா, அவர் தம் வாழ்நாளில் இடுப்பு முறிந்த ஒருவரையேனும் பார்த்தவரா என்ற விபரம் எதுவும் கட்டுரையில் இல்லை. அச்சேறும் ஒவ்வொரு வரியையும் ஆசிரியர் படித்தே அனுமதிக்கிறார் என்று நம்பும் பழைய காலத்து வாசகி நான். ஆகவே இதுவும் தங்கள் கண்ணில் பட்டே வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த வசனம் அச்சான கிழமையிலேயே எங்கள் ஒழுங்கையில் தன் வேலையைக் காட்டிவிட்டது. கிணற்றடியில் வழுக்கி விழுந்த பெரியவர் ஒருவரை வைத்தியசாலையில் அனுமதித்து, சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கையொப்பம் கேட்டபோது, அவருடைய மூத்த மகன் தங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விடுதி வைத்தியரிடம் நீட்டினாராம். கையொப்பம் இடாமலே தகப்பனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அவர் முன்விறாந்தைக் கட்டிலில் கிடக்கிறார். பிள்ளைகள் முறைவைத்துப் பார்க்கிறார்கள், தங்கள் கட்டுரையாளர் கேட்ட அன்புக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. நான் போர்வையை விலக்கிப் பார்த்தேன். முறிந்த பக்கத்துக் குதிக்காலில் தோல் கறுக்கத் தொடங்கியிருந்தது. திருப்பிப் படுக்கவைக்க முயன்றால் அவர் கத்துகிறார் என்பதற்காக, ஒரே பக்கமாகவே கிடத்தி வைத்திருக்கிறார்கள்.

முதியவர்கள் விழும்போது பெரும்பாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனை. இடுப்புக் குழிக்குள் உருண்டையாக அமர்ந்திருக்கும் தலைக்குக் கீழே ஒடுங்கிய கழுத்து இருக்கிறது. அந்தக் கழுத்து முறிந்து விலகினால், தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய குழாய்களும் கூடவே அறுந்துபோகின்றன. இரத்தம் போகாத எலும்பு எத்தனை மாதம் படுத்துக் கிடந்தாலும் ஒட்டுவது அரிது. அதனால்தான் அந்தத் தலையை அகற்றிவிட்டு உலோகத் தலை பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் இரத்தோட்டத்துக்குக் குறைவில்லை, எலும்பு ஒட்டும். ஆனால் தொடைத் தசைகள் இழுப்பதால் கால் குறுகித் திரும்பியபடியே ஒட்டும் என்பதால், அங்கே தகட்டோடு சேர்ந்த திருகாணியையோ எலும்பின் உட்குழிக்குள் செலுத்தும் நீண்ட ஆணியையோ வைக்கிறார்கள். எதைச் செய்தாலும் நோக்கம் ஒன்றுதான்: நோயாளி மறுநாளே கட்டிலைவிட்டு எழுந்து நிற்கவேண்டும். முழு மயக்கம் கொடுக்க முடியாத பலருக்கு, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தே இதைச் செய்துவிடுகிறார்கள்.

கட்டுரையாளர் ஓய்வு என்று சொன்ன அந்தப் படுக்கையில் நடப்பவை வேறு. நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரும். காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையும். முதுகடியிலும் குதியிலும் புண் வைக்கும். இராப்பகல் தெரியாத மனக்குழப்பம் பிடிக்கும். சத்திரசிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நல்ல சிகிச்சை கிடைத்தாலும் ஒரு வருடத்துக்குள் நால்வரில் ஒருவர் வரை இறந்துபோகக்கூடிய கடுமையான முறிவு இது. இருதயமோ சுவாசமோ மிகவும் கெட்டுப்போன சிலருக்கு வைத்தியரே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. ஆனால் அது நோயாளியின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தவர் எடுக்கவேண்டிய முடிவு, ஞாயிறு இதழ் எடுக்கக்கூடிய முடிவல்ல. 2011 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான தேசிய வழிகாட்டல், அனுமதிக்கப்பட்ட அன்றோ மறுநாளோ சத்திரசிகிச்சை செய்யப்படவேண்டும் என்கிறது. வயது முதிர்ந்தவர்களுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை; அவர்களை மனத்தில் வைத்தே அது எழுதப்பட்டது.

என் தாயார் விழுந்தது 82 ஆவது வயதில். வீட்டுப் படியில் தவறி விழுந்தவரின் வலது கால் இடது காலைவிடக் குறுகி, பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்ததைக் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. வைத்தியசாலைக்கு விளங்கவும் நேரம் எடுக்கவில்லை, செய்வதற்குத்தான் எடுத்தது. முதலில், சத்திரசிகிச்சைக்கூடத்து எக்ஸ்றே இயந்திரம் பழுது என்றார்கள். அடுத்து, மயக்க மருந்து வைத்தியர் விடுமுறையில் என்றார்கள். அதன் பிறகு, பொருத்தவேண்டிய உலோகத் தலையை வெளியில் வாங்கி வரும்படி சிட்டை எழுதித் தந்தார்கள். இலவச வைத்தியத்தின் பெருமையைப் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப்போட்டி வைத்து எழுதுவிக்கும் நாட்டில், கழுத்துச் சங்கிலியை அடகுவைத்து அதை வாங்கினோம். கடைசியில் வேறொரு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். கந்தளாயும் ஹபரணையும் தாண்டி அம்புலன்ஸில் போன அந்தப் பயணத்தில், வண்டி குலுங்கும் ஒவ்வொரு முறையும் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சத்திரசிகிச்சை நடந்த மறுநாள், இயன்மருத்துவப் பிள்ளை ஒருத்தி, "அம்மம்மா, பயப்படாமல் என்னைப் பிடியுங்கோ" என்று சொல்லி அவரை நடைச்சட்டத்தைப் பிடித்து நிற்கவைத்தாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு ஊன்றுகோலுடன் நடந்து போய்வருமளவுக்கு அம்மா தேறினார். தங்கள் பத்திரிகையின் கணக்குப்படி, அவர் கட்டிலில் கிடந்து அன்பை அனுபவித்திருக்க வேண்டியவர்.

அவருக்கு ஐம்பதுகளின் முடிவில் மணிக்கட்டு முறிந்ததையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். நின்ற நிலையில் விழுந்து, கையை ஊன்றியதற்கே முறிந்த முறிவு. பிளாஸ்ரர் போட்டார்கள், வெட்டினார்கள், அனுப்பினார்கள். மாதவிடாய் நின்ற பின்னர் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தி குறைகிறது, அந்த வயதில் இப்படி முறியும் மணிக்கட்டு பின்னொரு காலத்தில் இடுப்பு முறியக்கூடும் என்பதற்கான முன்னறிவித்தல், அடர்த்தியை அளக்க ஸ்கான் இருக்கிறது, கிழமைக்கு ஒன்று விழுங்கும் மாத்திரையும் இருக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்கள் மகளிர் பக்கமும் திறக்கவில்லை. முகச்சுருக்கத்துக்கு வெள்ளரிக்காய் அரைத்துப் பூசுவது பற்றி அங்கே விரிவாகப் படித்திருக்கிறேன்.

நான் குடும்பநல உத்தியோகத்தராகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரப் பக்கத்தில் கடமையாற்றிய காலம், 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முந்தியது. துறையடியில் பாதை எனப்படும் மிதவைப் படகுக்கும், மூதூரில் லோஞ்சுக்கும் காத்துக் கிடக்கவேண்டியிருந்த நாட்களில், கை கால் முறிந்தவர்கள் ஊரிலுள்ள முறிவு வைத்தியரிடம் போனதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விலகாத சாதாரண முறிவுகள் பல அவர்களிடம் நன்றாக ஒட்டியும் இருக்கின்றன. ஆனால் மரத்தால் விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்த ஒரு சிறுவனை நான் கண்டேன். மட்டை வைத்து இறுக்கிக் கட்டி, விரல்கள் வீங்கி நீலம்பாரித்து, யாராவது விரலை நிமிர்த்தினாலே அவன் துடித்தும், "கட்டு பிடிக்குது" என்று சொல்லி இரவு முழுவதும் அவிழ்க்காமல் வைத்திருந்தார்கள். தசைக்குள் அமுக்கம் ஏறி இரத்தோட்டம் நின்றால் சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். ஜேர்மன் சத்திரசிகிச்சையாளர் ரிச்சார்ட் வொன் வோல்க்மன் 1881 இலேயே விவரித்துவைத்த கேடு இது. அந்தப் பிள்ளையின் விரல்கள் பருந்தின் நகம்போல உள்மடிந்து, எழுதுகோல் பிடிக்காமலே அவன் வளர்ந்தான். இன்று பாலம் இருக்கிறது, அம்புலன்ஸ் இருக்கிறது. ஆயினும் தங்கள் சுகாதாரப் பக்கத்தின் கீழ்மூலையில், எவ்வித முறிவையும் கத்தி வைக்காமல் குணமாக்குவதாக உறுதியளிக்கும் விளம்பரம் வாராவாரம் வருகிறது. மேலே சத்திரசிகிச்சை வேண்டாம் என்ற கட்டுரை, கீழே இந்த விளம்பரம். தற்செயல் என்றே நான் கருதிக்கொள்கிறேன்.

வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளின் தாய்மாரிடமும் தங்கள் பத்திரிகை எனக்கு வேலை வைத்திருக்கிறது. கிரகணத்தன்று வெளியே போன கர்ப்பிணியின் பிள்ளைக்கு அங்கம் கோணும் என்று சோதிடப் பக்கத்தில் ஒருமுறை வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு, பரிகாரத்துக்குப் போகிறோம், கிளினிக்குக்குப் பிறகு வருகிறோம் என்றார் ஒரு மாமியார். பிறந்த சில கிழமைகளுக்குள் தொடங்கினால், கிழமைக்கொரு பிளாஸ்ரராக மாற்றி மாற்றிப் போட்டு, தேவைப்பட்டால் குதிநாணில் சிறு வெட்டு வைத்து, பின்னர் நான்கு வயது வரை இரவில் இரு சப்பாத்துகளையும் ஒரு கம்பியால் இணைத்த பட்டியை அணிவித்துப் பெரும்பாலான பாதங்களை நேராக்கிவிடலாம். இக்னாசியோ பொன்செட்டி வகுத்த இந்த முறை எங்கள் நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கிய பின்னர்தான் கொண்டுவரப்பட்டது.

இவ்வளவையும் எழுதிவிட்டு நான் கேட்பது சிறிய விடயம். அந்த வசனம் தவறானது என்று, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். வருந்துகிறோம் என்ற சொல்லை ஆறாம் பக்கத்துக் காணி விற்பனை விளம்பரங்களுக்கு நடுவில் புதைக்கவேண்டாம். இனிமேல் எலும்பு, மூட்டு பற்றி வரும் கட்டுரைகளை அச்சுக்கு அனுப்புமுன் ஓர் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். எழுதியவரின் தகுதியையும் கட்டுரையின் அடியில் போடுங்கள்.

திருத்தத்தோடு இதையும் சேர்த்தால் பயனுண்டு: விழுந்த முதியவரின் ஒரு கால் குறுகி, பாதம் வெளியே சரிந்து, தானாகக் குதியைத் தூக்க முடியாமல் கிடந்தால், எண்ணெய் தேய்க்காமல், காலை இழுத்து நேராக்காமல், நடத்திப் பார்க்காமல், அம்புலன்ஸ் சேவையின் 1990 என்ற இலக்கத்தை அழைக்கவேண்டும். சில முறிவுகளில் எலும்பு விலகாமல் செருகி நிற்பதால் அவர் சில அடிகள் நடக்கவும் கூடும், முதல் எக்ஸ்றேயில் தெரியாமல் போகவும் கூடும். கவட்டில் வலி நீங்காவிட்டால் மீண்டும் காட்டி, ஸ்கான் கேட்கவேண்டும்.

இடம் போதாது என்று கடிதத்தைச் சுருக்குவதாயின், என் தாயாரின் கதையை வெட்டிவிடுங்கள், விளம்பரத்தைப் பற்றிச் சொன்னதையும் வெட்டத்தான் போகிறீர்கள். மேலே உள்ள பந்தியை மட்டும் முழுமையாக விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.