வயர் லூசானா பாலம் விழணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

2024 மார்ச் 26 அதிகாலைல அமெரிக்காவோட பால்டிமோர்ல டாலிங்கிற கன்டெய்னர் கப்பல் கரண்ட் போய் கீ பாலத்து தூண்ல மோதி பாலமே சரிஞ்சுதே, மேல ரோட்டுல குழி அடைச்சிட்டிருந்த தொழிலாளிங்க 6 பேர் செத்துட்டாங்க, நினைச்சா இன்னமும் மனசு ஆறல. கொழும்புக்கு கிளம்பின கப்பல், மாலுமிங்க பெரும்பாலும் இந்தியர்கள், கப்பலுக்கு வழிகாட்ட ஏறியிருந்த உள்ளூர் பைலட் மேடேன்னு ஆபத்து அழைப்பு கொடுத்ததாலதான் போலீஸ் வண்டிகளை நிறுத்த முடிஞ்சுது.

கரண்ட் ஏன் போச்சுன்னு விசாரணைல பார்த்தா, ஒரு வயர்ல மாட்டியிருந்த லேபிள் இடிச்சு அந்த வயர் சொருகுற இடத்துல சரியா உள்ள போகாம லூசா இருந்திருக்கு, அவ்வளவுதான். சுமார் 300 மீட்டர் நீளக் கப்பல்ல ஆயிரக்கணக்கான கனெக்‌ஷன் இருக்கும், எல்லாத்தையும் நல்லா செக் பண்ணணும்தான், ஆனா எவ்வளவு பார்த்தாலும் என்னைக்காவது ஒரு கப்பல் நிக்கத்தான் செய்யும், அதுக்கு பாலம் தாங்கணும் இல்லையா?

1980லயே ஃபுளோரிடா டாம்பால கப்பல் மோதி 35 பேர் செத்தாங்க, புதுசா கட்டின பாலத்து தூணைச் சுத்தி பெரிய தடுப்பு போட்டாங்க. 1977ல திறந்த கீ பாலத்துக்கு மட்டும் ஏன் அப்படி செய்யல? துறைமுகம் பக்கத்துல இருக்கிற பழைய பாலங்களை இன்னைக்கு வர்ற கப்பலோட சைஸை வெச்சு மறுபடி கணக்கு போட்டுப் பாருங்க, அதுவரைக்கும் பெரிய கப்பலை பாலம் தாண்டுற வரைக்கும் டக் படகு, அதாவது கப்பலை இழுத்து தள்ளுற சின்ன படகு, கூடவே போய் விடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்